மைக் வாங்கும் முன் அறையைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டிலேயே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்து வருமானம் பார்ப்பது பற்றித் தங்கள் நாளிதழின் இணைப்பில் வெளிவந்த கட்டுரை பலருக்கு ஆசையைக் கிளப்பியிருக்கும். ஆசையில் தவறில்லை. ஆனால் கட்டுரையில் முக்கால் பங்கு எந்த மைக், எந்த ஸ்பீக்கர், எந்தக் கணினி என்ற பட்டியலிலேயே போய்விட்டது. அறையைப் பற்றி ஒரே வரிதான்: சுவரில் ஃபோம் ஒட்டி சவுண்ட் ப்ரூஃப் செய்துகொள்ள வேண்டுமாம். வேலை எங்கிருந்து வரும், கூலியை எப்படிக் கணக்கிடுவது என்பதற்கு இன்னொரு வரி. இந்தத் தொழிலில் பணம் போவதும் வருவதும் அந்த இரண்டு வரிகளுக்குள்தான் இருக்கிறது. அதனால் கடிதம் சற்று நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் அந்த ஃபோம். அதை எத்தனை அடுக்கு ஒட்டினாலும் அறை சவுண்ட் ப்ரூஃப் ஆகாது. வெளிச் சத்தம் உள்ளே வராமல் தடுப்பது ஒரு வேலை. உள்ளே பேசும் குரல் சுவரில் பட்டுத் திரும்பி மைக்கில் விழாமல் பார்ப்பது வேறு வேலை. முன்னதற்குக் கனமும் காற்றுப் புகாத அடைப்பும் வேண்டும். சுவரின் எடையை இரட்டிப்பாக்கினால் தடுப்பு சுமார் 5 முதல் 6 டெசிபெல்தான் கூடும். சுவரும் கதவும் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், அந்தப் பரப்பில் 1 சதவீதம் இடுக்காகத் திறந்திருந்தால் மொத்தத் தடுப்பு 20 டெசிபெல்லைத் தாண்டாது. ஆகவே முதல் செலவு கதவின் அடியிலும் நிலையைச் சுற்றியும் ஒட்டும் ரப்பர் பட்டைக்குத்தான். அதற்கும் முன்னால் செலவே இல்லாத ஒன்று உண்டு: வீட்டில் தெருவுக்கு மிகத் தள்ளியிருக்கும் அறையைத் தேர்ந்தெடுத்து, தெரு அடங்கும் நேரத்தைப் பதிவு நேரமாக வைத்துக்கொள்வது. லாரி சத்தத்தைத் தடுக்கும் சுவரை வாடகை வீட்டில் எழுப்ப முடியாது. லாரி வராத நேரத்தை எவரும் கண்டுபிடிக்கலாம்.

இரண்டாவது வேலையில்தான் ஃபோமுக்கு இடம். அதிலும் அரைகுறை. 2 அல்லது 3 சென்டிமீட்டர் தடிமனுள்ள ஃபோம் உச்ச அதிர்வெண்களை மட்டும் விழுங்கும். கைதட்டினால் 'டிங்' என்று எதிரொலிப்பது நின்றுவிடும், அறை சரியாகிவிட்டதாகத் தோன்றும். பேசிப் பதிவு செய்து கேட்டால் குரல் ஒரு பெட்டிக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். காரணம் எளிய கணக்கு. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. 3 மீட்டர் நீள அறையில் இரு சுவர்களுக்கிடையே முதல் ஒத்ததிர்வு 57 ஹெர்ட்ஸிலும் அடுத்தது 114 ஹெர்ட்ஸிலும் விழும். ஆண் குரலின் அடிப்படைச் சுருதி பொதுவாக 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை. ஆகவே சில சொற்கள் மட்டும் திடீரென்று 'பூம்' என்று வீங்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் சமமான அறையில் மூன்று திசைகளின் வீக்கமும் ஒரே இடத்தில் குவிந்துவிடும். சதுர அறையும் நீள அறையும் இருந்தால் நீள அறையை எடுங்கள் என்று சொல்வது இதனால்தான். மெல்லிய ஃபோம் இந்த 114-ஐத் தொடவே தொடாது. மேல் ஸ்தாயியைத் தின்றுவிட்டுக் கீழ் ஸ்தாயியை அப்படியே விட்டுவிடுவதால் முன்பிருந்ததைவிட மந்தமான அறையே மிஞ்சும். முட்டை அட்டைகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். அவை ஒலியையும் நிறுத்தாது, தீப்பிடித்தால் அதையும் நிறுத்தாது.

வேலைக்காகும் பொருள் ராக்வூல் அல்லது கிளாஸ்வூல் பலகை. கன மீட்டருக்கு 50, 60 கிலோ அடர்த்தியில், 10 சென்டிமீட்டர் தடிமனில் எடுத்து, 60-க்கு 120 சென்டிமீட்டர் மரச்சட்டத்தில் பொருத்தி, துணி போர்த்த வேண்டும். துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். காற்று தடையில்லாமல் போனால் ஒலியும் போகும். ரெக்சின் போர்த்தினால் உச்ச ஒலிகள் அதன் மேலேயே பட்டுத் திரும்பிவிடும். பலகையைச் சுவரோடு ஒட்டாமல் 10 சென்டிமீட்டர் தள்ளி மாட்டினால், அதே பொருள் இன்னும் கீழ் ஸ்தாயி வரை வேலை செய்யும். வெட்டும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம், இழைகள் தோலையும் மூச்சையும் உறுத்தும். பேச்சுப் பதிவுக்கு ஐந்தாறு பலகைகள் போதும். அறை முழுவதும் மூட வேண்டியதில்லை.

அவற்றை எங்கே வைப்பது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள். வழக்கமாகப் பயன்படுத்தும் கார்டியாய்டு மைக் முன்னால் இருப்பதைக் கேட்கும், பின்னால் இருப்பதை ஒதுக்கும். மைக்கின் முன்னால் இருப்பது பேசுகிறவர். அவருக்குப் பின்னால் இருப்பது சுவர். ஆக, மைக் நேரே பார்த்துக்கொண்டிருப்பது பேசுகிறவரின் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரை. முதல் பலகை அங்கேதான் வர வேண்டும். அடுத்தவை பேசுகிறவரின் இரு பக்கமும், பிறகு தலைக்கு மேலே, மீதி மூலைகளில். மைக் ஸ்டாண்டிலேயே மாட்டும் அரைவட்ட ஃபோம் கவசம் நிற்பதோ மைக்கின் முதுகில். மைக் காது கொடுக்காத திசையில் கவசம் வைத்து என்ன பயன்? அந்தப் பணத்துக்கு இரண்டு பலகை செய்துவிடலாம். பலகை செய்ய இயலாத வாடகை அறையில், கனத்த ரஜாய்களைச் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளித் தொங்கவிட்டாலும் பேச்சுப் பதிவுக்குப் பாதிக் கிணறு தாண்டிவிடலாம்.

மைக் பற்றிச் சுருக்கமாக. சரியில்லாத அறைக்கு டைனமிக் மைக்தான் (மேடைகளில் கையில் பிடிக்கும் வகை) ஏற்றது, கண்டென்சர் (நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் வகை) அறையை எல்லாம் இழுத்துவிடும் என்கிறது கட்டுரை. பரவலாக உள்ள நம்பிக்கைதான், ஆனால் பாதிதான் உண்மை. எந்தத் திசையிலிருந்து கேட்கும் என்ற பிடிப்பு வடிவம் ஒன்றாக உள்ள இரண்டையும் ஒரே தூரத்தில் வைத்தால், குரலுக்கும் அறைக்குமான விகிதம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். டைனமிக்கை வாயருகே வைத்துப் பேசும் பழக்கம்தான் அந்த வித்தியாசத்தைத் தருகிறது. தூரத்தைப் பாதியாக்கினால் நேரடிக் குரல் 6 டெசிபெல் கூடும், அறையின் எதிரொலி அப்படியே இருக்கும். எந்த மைக் ஆனாலும் இந்த 6 டெசிபெல் இலவசம். ஆனால் மிக நெருங்கினால் கீழ் ஸ்தாயி உப்பும். 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரம் பேச்சுக்குச் சரியாக வரும். கண்டென்சருக்கு இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) அதற்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் பொத்தானைப் போட வேண்டும். சில டைனமிக் மைக்குகளுக்கு 60 டெசிபெல் வரை கெயின் (ஒலியேற்றம்) தேவைப்படும். மலிவான இன்டர்ஃபேஸைக் கடைசி வரை திருகினால் குரலோடு இரைச்சலும் ஏறிவிடும். வாங்கும் முன் இரண்டுக்கும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டிய எண் அதுதான். கட்டுரையோடு வந்த படத்தில் பாடகி ஒரு பெரிய கண்டென்சர் மைக்கின் உச்சந்தலையைப் பார்த்துப் பாடுகிறார். அந்த வகை மைக் பக்கவாட்டில் கேட்பது. படத்தில் அழகாகத்தான் இருக்கிறது, பதிவில் இருக்காது.

மைக்கை வைக்கும் இடத்துக்கு ஒரு சோதனை. உள்ளங்கையை வாய்க்கு முன் ஒரு சாண் தூரத்தில் பிடித்து 'படபடப்பு' என்று சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு 'ப'வுக்கும் காற்று உள்ளங்கையில் குத்தும். கையை மெல்லப் பக்கவாட்டில் நகர்த்தினால் ஓரிடத்தில் குத்து நின்றுவிடும், குரல் மட்டும் தெளிவாக வந்துகொண்டிருக்கும். மைக்குக்கு உரிய இடம் அதுதான்: வாயின் ஓரத்தில், சற்று மேலிருந்து, சாய்வாக வாயைப் பார்த்தபடி. மூச்சுக்காற்று அதைக் கடந்து போய்விடும். இடையில் பாப் ஃபில்டர் (காற்றுக்குத்தைத் தடுக்கும் வலைத் திரை) மைக்கிலிருந்து 5 முதல் 8 சென்டிமீட்டர் தள்ளி நிற்கட்டும். மைக்கோடு ஒட்டியிருந்தால் அது இருந்தும் இல்லாதது மாதிரி. காற்றுக்குத்து பதிவில் விழுந்துவிட்டால் எந்த மென்பொருளாலும் அதை முழுதாக எடுக்க முடியாது.

அடுத்து, எல்லாரும் வழுக்கி விழும் இடம்: நிசப்தத்தின் அளவு. ஒலிநூல் பணிகளில் பரவலாகக் கேட்கப்படும் ஏசிஎக்ஸ் (ஆடிபிளுக்கு ஒலிநூல் தயாரித்துத் தரும் தளம்) அளவுகோலை எடுத்துக்கொள்வோம். டிஜிட்டலில் உச்ச எல்லை 0, மற்ற அளவெல்லாம் அதற்குக் கீழே கழித்தல் எண்ணில் வரும். கோப்பின் சராசரி ஒலியளவு (ஆர்எம்எஸ்) -23 முதல் -18 டெசிபெல்லுக்குள் இருக்க வேண்டும். உச்சம் -3-ஐத் தாண்டக் கூடாது. பேசாத இடத்தில் இரைச்சல் -60-க்குக் கீழே இருக்க வேண்டும். புதிதாக வருபவர் அறையில் பத்து நொடி மௌனத்தைப் பதிவு செய்து, -62 என்று பார்த்து, தேறிவிட்டோம் என்று மகிழ்வார். ஆனால் அவர் குரலின் உச்சம் -12-ல் விழும்படி சரியாகத்தான் கெயின் வைத்திருக்கிறார். அப்போது சராசரி -30 வாக்கில் இருக்கும். அதை -20-க்குத் தூக்க 10 டெசிபெல் ஏற்ற வேண்டும். இரைச்சலும் கூடவே 10 ஏறி -52 ஆகிவிடும். கோப்பு திரும்பி வரும். ஆகவே பதிவின்போதே மௌனம் -70-ஐ ஒட்டி இருக்க வேண்டும் என்பதுதான் நடைமுறை இலக்கு.

-70-க்கு வர வழி, ஒவ்வொரு மின்சாதனமாக அணைத்துவிட்டு மீண்டும் அளப்பதுதான். மின்விசிறி, ஏசி, அடுத்த அறைக் குளிர்பதனப் பெட்டி, மடிக்கணினியின் விசிறி என்று வரிசையாகக் குற்றவாளிகள் அகப்படுவார்கள். குளிர்பதனப் பெட்டியை அணைப்பவர்கள் வீட்டுச் சாவியையோ வண்டிச் சாவியையோ அதன் மேலேயே வைத்துவிடுவது நல்லது. கிளம்பும்போது நினைவு வரும், உள்ளே இருப்பது கெடாது. எல்லாம் அணைந்த பிறகும் ஒரு ரீங்காரம் 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் தொடர்ந்தால், அது பெரும்பாலும் எர்த் இணைப்பில் உள்ள சிக்கல். கணினியையும் இன்டர்ஃபேஸையும் ஸ்பீக்கரையும் ஒரே பிளக் பலகையிலிருந்து எடுத்து, மைக்குக்கு மூன்று பின் எக்ஸ்எல்ஆர் கேபிளும் ஸ்பீக்கருக்குப் பேலன்ஸ்டு கேபிளும் (வழியில் ஏறும் இரைச்சலைக் கழித்துவிடும் வகை) போட்டால் பெரும்பாலும் அடங்கும். ரீங்காரம் போக வேண்டும் என்று எர்த் பின்னை ஒடித்துவிடும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது உயிருக்கு ஆபத்து. அறை மூடியபடியே இருப்பதால் காற்றும் சூடாகும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்துவிட்டுத் தொடர்வது குரலுக்கும் நல்லது.

இவ்வளவும் செய்யாமல், மென்பொருளில் நாய்ஸ் கேட் (குறிப்பிட்ட அளவுக்குக் கீழான ஒலியை அடைத்துவிடும் வசதி) போட்டு இரைச்சலை வெட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. கேட் போட்டால் சொற்களுக்கு நடுவே முழு மௌனம், சொல் வந்ததும் அதன் பின்னாலேயே இரைச்சல். விட்டுவிட்டு வரும் இரைச்சல், தொடர்ந்து வருவதைவிடக் காதை உறுத்தும். இரைச்சல் நீக்கும் பிளக்-இன்களைக் கொஞ்சமாகப் போடலாம். 6 டெசிபெல்லுக்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வர ஆரம்பிக்கும்.

கணினிப் பக்கம் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கடந்த சில ஆண்டுகளில் வந்த எந்தக் கணினியும் பேச்சுப் பதிவுக்குப் போதும். ஆடாசிட்டி இலவசம், ரீப்பர் நீண்ட காலம் சோதித்துப் பார்க்கக் கிடைக்கும். 24 பிட்டில் பதியுங்கள். உச்சம் -12-ல் இருந்தாலும் தரம் துளியும் குறையாது. சிவப்பு விளக்கு எரியும் வரை ஏற்றினால்தான் குரல் கம்பீரமாக வரும் என்பது டேப் காலத்துப் பழக்கம். டிஜிட்டலில் 0-வைத் தாண்டிய இடம் கிழிந்தது கிழிந்ததுதான். பதியும்போது பஃபர் (கணினி ஒலியைத் தற்காலிகமாகத் தேக்கிவைக்கும் அளவு) 128 சாம்பிள் வைத்தால் 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு வழித் தாமதம் 2.7 மில்லிநொடிதான், மிக்ஸ் செய்யும்போது 1,024-க்கு ஏற்றிக்கொள்ளலாம். ஹெட்ஃபோன் காதை மூடும் வகையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதிலிருந்து கசியும் இசை மைக்கில் ஏறும், பிறகு பாடலை எடிட் செய்யும்போது தாளம் இரட்டையாகக் கேட்கும்.

சாம்பிள் ரேட்டை (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து பதிகிறோம் என்ற எண்) மட்டும் வாடிக்கையாளரிடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். இசைக்கும் ஒலிநூலுக்கும் பெரும்பாலும் 44.1 கிலோஹெர்ட்ஸ், படத்தோடு சேர்வதெல்லாம் 48. 44.1-ல் பதிந்ததை மாற்றாமல் 48-ல் ஓட்டினால் குரல் சுமார் ஒன்றரை அரைஸ்வரம் (செமிடோன்) உயர்ந்து, ஒரு மணி நேரப் பதிவு 55 நிமிடத்தில் முடிந்துவிடும். டப்பிங் வேலையில் உதட்டசைவு எங்கேயோ, குரல் எங்கேயோ போய் நிற்கும். தலைவலி கொடுக்கும் பிழைதான், ஆனால் தடுக்க ஒரே ஒரு கேள்வி போதும்.

இனி வருமானம். வீட்டுக் கூடம் என்றதும் எல்லாருக்கும் மனத்தில் ஓடுவது பாட்டு. பாட்டில் பணம் கடைசியாகத்தான் வரும். சொந்தப் பாடலை ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏற்றுவது எளிது, சம்பாதிப்பது கடினம். ஸ்பாட்டிஃபை 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாடலுக்குப் பதிவு உரிமைத் தொகை தருவதில்லை. பிறர் பாடலைப் பாடி ஏற்றினால், அதில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன: பாடலை இயற்றியவர்களுடையது ஒன்று, ஒலிப்பதிவினுடையது இன்னொன்று. நீங்களே புதிதாக வாசித்துப் பாடினால் இரண்டாவது உங்களுடையது. முதலாவதுக்கு அனுமதி வாங்கித்தான் ஆக வேண்டும். கரோக்கி டிராக்கின் மேல் பாடினால் இரண்டுமே உங்களுடையது இல்லை. நண்பர்களோடு சேர்ந்து இசையமைத்தால், யாருக்கு எத்தனை சதவீதம் என்று பாட்டு முடிந்த அன்றே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பாட்டு ஓடிய பிறகு அந்தப் பேச்சை எடுத்தால் நட்பும் போகும்.

மாதாமாதம் கைக்கு வருவது பேச்சு வேலைதான். ஒலிநூல் வாசிப்பு, நிறுவனப் பயிற்சிக் காணொலிகளுக்குக் குரல், பாட்காஸ்ட் எடிட்டிங், தொலைபேசித் தானியங்கிக் குரல், விளம்பரம் என்று அது விரியும். சொந்தக் குரல் சுமார் என்றால் பாட்காஸ்ட் எடிட்டிங்கில் தொடங்கலாம். ஆப்பிள் பாட்காஸ்ட் கேட்கும் ஒலியளவு -16 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி உரப்பின் அளவு), உச்சம் -1. ஸ்பாட்டிஃபை -14-க்குச் சமன் செய்கிறது. ஐரோப்பிய ஒளிபரப்புகளுக்கு -23. இந்த எண்களை வாடிக்கையாளர் சொல்லுமுன் நீங்கள் சொன்னாலே பாதி நம்பிக்கை வந்துவிடும். இரண்டு பேர் பேசும் நிகழ்ச்சியில் ஒவ்வொருவரையும் தனித்தனி டிராக்கில் பதியச் சொல்லுங்கள். ஒருவர் இருமும்போது மற்றவர் சொன்னது தனியாகத் தப்பிக்கும்.

இன்னொரு வேலையைக் கட்டுரை தொடவே இல்லை: பழைய கேசட்டுகளை டிஜிட்டலாக்குவது. குடும்பக் குரல்களும் மேடைப் பேச்சுகளும் பெட்டிகளில் மங்கிக்கொண்டிருக்கின்றன. 60 நிமிடக் கேசட்டை மாற்ற 60 நிமிடம்தான் ஆகும், குறுக்கு வழி கிடையாது. ஆனால் அது ஓடும்போது வேறு வேலையைப் பார்க்கலாம். பதிவு செய்த இயந்திரமும் இப்போது ஓட்டும் இயந்திரமும் வேறு என்பதால் ஹெட்டின் (நாடாவைப் படிக்கும் பாகம்) சாய்வு பெரும்பாலும் பொருந்தாது, குரல் போர்வைக்குள் கேட்கும். இரண்டு சேனலையும் சேர்த்து மோனோவாகக் கேட்டபடி, ஹெட்டின் பக்கத்திலுள்ள சிறு திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினால் ஓரிடத்தில் 'ச', 'ஸ' ஓசைகள் பளிச்சென்று வெளிவரும். அங்கே நிறுத்திப் பதிய வேண்டும். கேசட்டுக்குக் கேசட் இதைச் செய்பவருக்கும், சும்மா ஓட்டிப் பதிபவருக்கும் உள்ள வித்தியாசத்தை வாடிக்கையாளர் முதல் நிமிடத்திலேயே கேட்டுவிடுவார். கடைகளில் விற்ற இசைக் கேசட்டுகளை நகலெடுத்து விற்பது வேறு விஷயம். அதற்கு உரிமை கிடையாது.

கூலிக் கணக்கில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒலிநூலுக்கு 'முடிந்த ஒரு மணி நேரத்துக்கு' இவ்வளவு என்று பேசுவார்கள். முடிந்த ஒரு மணி நேரத்துக்குப் பதிவு இரண்டு மணி. எடிட்டிங், புத்தகத்தோடு ஒப்பிட்டுக் கேட்பது, திருத்தங்களை மீண்டும் பதிவது, ஒலியளவு சரிசெய்வது எல்லாம் சேர்ந்து இன்னும் மூன்று நான்கு மணி ஆகும். ஆக, கேட்கும் தொகையை ஆறால் வகுத்துப் பாருங்கள். அதுதான் உங்கள் மணிக்கூலி. எடிட்டிங்கைப் பாதியாகக் குறைக்க ஒரு வழி உண்டு. தவறு வந்ததும் நிறுத்தி, முந்தைய வாக்கியத்தின் தொடக்கத்தில் கர்சரை வைத்து, மூன்று நான்கு நொடி பழையதைக் கேட்டுக்கொண்டே அதே தொனியில் மேலே பதிந்துகொண்டு போவது. பன்ச் அண்ட் ரோல் என்பார்கள். முதல் இரண்டு அத்தியாயம் எரிச்சலாக இருக்கும், பழகிய பிறகு கையே செய்யும். புத்தகத்தின் நீளத்தைச் சொல் எண்ணிக்கையை வைத்து மதிப்பிட வேண்டாம். ஆங்கிலத்துக்குச் சொல்லும் மணிக்கு 9,000 சொல் கணக்கு தமிழுக்குப் பொருந்தாது. நடுப் பக்கம் ஒன்றை வாசித்து நேரம் பார்த்துப் பக்கங்களால் பெருக்குவதே நம்பகமானது.

ஆண்டுக் கணக்கும் போட வேண்டும். நோய், விடுமுறை போக 46 வாரம் என்று வைப்போம். வாரத்துக்கு 40 மணி உழைத்தாலும் வேலை தேடுவது, மின்னஞ்சல், கணக்கு எல்லாம் போக, கூலி கிடைக்கும் நேரம் 20 மணிதான். 46-ஐ 20-ஆல் பெருக்கினால் 920 மணி. உங்களுக்கு ஆண்டுக்குத் தேவையான வருமானம், வரி, மின்சாரம், நான்கைந்து ஆண்டில் கருவிகளை மாற்றும் செலவு எல்லாவற்றையும் கூட்டி 920-ஆல் வகுங்கள். அந்த எண்ணுக்குக் கீழே ஒப்புக்கொள்ளும் ஒவ்வொரு வேலையும் கைக்காசு போட்டுச் செய்யும் வேலை. விற்பனையில் பங்கு தருகிறோம், முன்பணம் கிடையாது என்று சொல்லும் ஒலிநூல் பணிகளை, அந்த எழுத்தாளரின் முந்தைய நூல்கள் எவ்வளவு விற்றன என்று தெரியாமல் தொடாதீர்கள்.

தேர்வுப் பதிவு என்ற பெயரில் முழு விளம்பர வசனத்தையும் வாங்கிக்கொண்டு காணாமல் போகிறவர்களும், 'கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்' என்று காசோலை அனுப்புகிறவர்களும் இந்தத் துறையில் பழைய ஆசாமிகள். முன்னவருக்கு வசனத்தின் நடுவில் ஒரு வரியை மாற்றி வாசித்து அனுப்புங்கள். பின்னவரின் காசோலை பின்னால் திரும்பி வரும். மீதி என்று நீங்கள் அனுப்பியது மட்டும் திரும்பாது.

வேலை தொடங்குமுன் எழுத்தில் சில விஷயங்கள் வேண்டும்: பாதிப் பணம் முன்னதாக, எத்தனை சுற்றுத் திருத்தம் இலவசம் (இரண்டு போதும்), வசனத்தை அவர்கள் மாற்றினால் அது புது வேலை, நீங்கள் தவறாக வாசித்திருந்தால் இலவசம், குரல் எந்த ஊடகத்தில், எந்தப் பகுதியில், எத்தனை மாதம் பயன்படும். நிறுவனத்துக்குள் ஓடும் பயிற்சிக் காணொலிக்கு வாங்கிய அதே குரலை இரண்டு ஆண்டு கழித்துத் தொலைக்காட்சி விளம்பரத்தில் ஓட்டினால், ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லாதவர் வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான்.

ஒரு நூல் பல வாரம் ஓடும். மூன்றாம் அத்தியாயக் குரலும் முப்பதாம் அத்தியாயக் குரலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்டாண்டின் கால்களைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டுங்கள், கெயின் திருகை நிற்கும் நிலையில் படம் எடுத்துவையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் வாசியுங்கள், காலைக் குரல் மாலையில் வராது. தொடங்குமுன் முந்தைய நாளின் கடைசி ஒரு நிமிடத்தைக் கேளுங்கள். 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், மோனோ என்றால் மணிக்கு 476 மெகாபைட் ஆகும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வீட்டுக்கு வெளியே. கோப்பின் பெயரில் அத்தியாயமும் பதிப்பு எண்ணும் இருக்கட்டும். 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'உண்மையான ஃபைனல்' என்று பெயரிட்ட மூன்றில் எதை அனுப்பினோம் என்று தேடுவதற்கு யாரும் கூலி தருவதில்லை.

இப்போது ஒப்பந்தங்களில் புதிதாக ஒரு வரியைக் கவனித்துப் படிக்க வேண்டியிருக்கிறது. 'இப்போதுள்ளதும் இனி வரப்போவதுமான எந்தத் தொழில்நுட்பத்திலும் நிரந்தரமாகப் பயன்படுத்தும் உரிமை' என்றோ அதற்கு நெருக்கமாகவோ இருக்கும். உங்கள் குரலைக் கொண்டு செயற்கைக் குரல் உருவாக்கவும் அது இடம் கொடுத்துவிடும். தானியங்கி அறிவிப்பு, குட்டி விளக்கக் காணொலி போன்ற அடிமட்ட வேலைகளைச் செயற்கைக் குரல் ஏற்கெனவே எடுத்துக்கொண்டு வருகிறது. அதற்கு நம் குரலையே விதையாகக் கொடுத்துவிட்டு, ஒருமுறைக் கூலியோடு வெளியே நிற்கக் கூடாது. 'இந்தப் பதிவைச் செயற்கைக் குரல் பயிற்சிக்கோ, குரல் நகல் உருவாக்கவோ எழுத்துமூலமான தனி அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். நேர்மையான வாடிக்கையாளர் மறுப்பதில்லை. மறுப்பவரிடம் காரணம் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் அந்தக் கூலியை விட்டுவிடலாம். தங்கள் கட்டுரையின் அடுத்த பகுதி வருமானால், கருவிப் பட்டியலைச் சுருக்கி இந்த ஒப்பந்த விவகாரத்துக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒலிப்பதிவுத் தொழிலில் உள்ள ஒரு வாசகர்